புதுப்பேட்டை முதல் அம்பத்தூர் வரை: அம்மாவின் இன்ச் டேப்பும் தம்பியின் பவுடர் கோட்டிங் கனவும்!

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 இரண்டு மாதமாகத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 1994-ல் அப்பா வாங்கிய வண்டி. 1985-ல் இந்தியாவுக்கு வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன அந்த பைக்குக்கு இன்றைக்கும் இருக்கும் மவுசு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரித்துப்போட்டது என் தம்பி. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் வேலை முடிந்துபோய், அடுத்த வேலைக்குக் காத்திருக்கிறான்.

"பழைய பைக் பார்ட்ஸுக்கு பவுடர் கோட்டிங் அடிச்சுக் கொடுக்கலாம்க்கா. நம்ம ஏரியாவுல மட்டும் எத்தனை பேர் ஆர்எக்ஸ் வெச்சிருக்காங்க தெரியுமா? வீட்டுலேயே கத்துக்கலாம்" என்றான். நானும் தலையாட்டினேன். தலையாட்டியதோடு நிறுத்தியிருக்கலாம் அவன்.

ஒரு வியாழக்கிழமை மதியம், ஆன்லைனில் வாங்கிய கறுப்பு பவுடரை, சூடாக்கிய ஹாரன் பிராக்கெட் மேல் டீ வடிகட்டியால் தூவி, அம்மாவின் ஓவனுக்குள் வைத்துவிட்டான். கேக் பேக் செய்யும் அதே ஓ.டி.ஜி! அம்மாவுக்கு அது வெறும் சமையல் சாமான் இல்லை. மாதத்துக்கு ஆறேழு கேக் ஆர்டர் எடுப்பார். அன்று மாலையும் ஒரு பிறந்தநாள் ஆர்டர் இருந்தது. கதவைத் திறந்தபோது வந்த வாடையில் கேக் கனவு கலைந்தது. பக்கத்துத் தெரு பேக்கரியில் காசு கொடுத்து கேக் வாங்கி, கைமாற்றிக் கொடுத்தோம்.

கழுவித் துடைத்துவிட்டால் சரியாகிவிடாதா என்று நானும் கேட்டேன். ஆகாது. பவுடர் உருகும்போது வரும் ஆவி ஓவனின் உள்சுவரெங்கும் படிந்துவிடும். அடுத்தமுறை சூடேறும்போது அது சாப்பாட்டில் இறங்கும். ஒருமுறை பவுடர் வெந்த ஓவனில் மறுபடி உணவு சமைக்கவே கூடாது. இந்தத் தொழிலின் முதல் விதியே இதுதான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் சீட்டு எடுத்த பணம் 60,000 ரூபாயை மேஜைமேல் வைத்தார். "பண்றதுன்னா ஒழுங்கா பண்ணு. அக்காவைக் கூட்டிட்டுப் போ. எதையும் அளந்து பார்த்து வாங்குங்க" என்று தையல் மெஷின் டிராயரிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து என் பையில் போட்டார்.

தம்பியின் போனில் ஏற்கெனவே ஒரு விளம்பரம் திறந்திருந்தது. 'தொடக்கநிலை செட்' 58,000 ரூபாய். பெரிய கன், கன்ட்ரோல் பாக்ஸ், ஐந்து கிலோ பவுடர் இலவசம். "இதை வாங்கிட்டா முடிஞ்சுதுக்கா" என்றான். ஆர்டர் போடும் முன்பு ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் கேட்டேன். அந்த ஒரு நாளின் கதைதான் இது.

மாவும் காந்தமும் மாதிரி

அதற்குமுன், விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பவுடர் கோட்டிங் என்பது தின்னர் கலந்து அடிக்கும் பெயின்ட் இல்லை. கோலமாவைவிட மெல்லிய பிளாஸ்டிக் தூள். 1950-களில் ஜெர்மனியில் எர்வின் ஜெம்மர் என்பவர், சூடான உலோகத்தை இந்தத் தூளில் முக்கியெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1960-களில் மின்னேற்றம் கொடுத்துத் தெளிக்கும் முறை வந்தது.

இப்போதைய கன், காற்றோடு வெளியேறும் தூளுக்கு மின்னேற்றம் கொடுக்கும். எர்த் செய்யப்பட்ட இரும்புத் துண்டு அந்தத் தூளைக் காந்தம்போல் இழுத்துக்கொள்ளும். பிறகு 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் பத்து, இருபது நிமிடம் சுட்டால் தூள் உருகி, ஓடி, இறுகி, ஒரே தோலாகிவிடும். வழக்கமாக 60 முதல் 80 மைக்ரான் தடிமன் இருக்கும். ஒழுகாது, சீக்கிரம் உரியாது. சைக்கிள் ஃபிரேம், ஃபேன், ஃபிரிட்ஜ், இரும்பு பீரோ என்று வீட்டில் நாம் தொடும் பல பொருள்கள் இப்படிப் பிறந்தவைதான்.

புதுப்பேட்டை: எதை அடிக்கக் கூடாது?

காலை எட்டரைக்கு லோக்கல் ஏறி சென்ட்ரலில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் புதுப்பேட்டை போனோம். எழும்பூருக்கும் கூவத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பேட்டையில் பார்க்கும் திசையெல்லாம் வண்டிகளின் கை, கால்தான். ஒரு கடை முழுக்க கார் கதவு. அடுத்த கடையில் சைலன்சர் மட்டும், வாழைத்தார்போல் தொங்குகிறது. கிரீஸ் வாடையும் மசாலா டீ வாடையும் கலந்த தெருக்கள். காலையில் தொலைந்த வண்டியை மாலையில் இங்கே பாகம் பாகமாக வாங்கலாம் என்ற பழைய ஜோக்கை எங்கள் ஆட்டோக்காரரும் விடவில்லை.

"அந்த ஜோக்கைச் சொல்லிட்டே வருவாங்க. பில்லு போட்டுக் குடுத்தா வாயை மூடிட்டுப் போவாங்க" என்று சிரித்தார் நாங்கள் நின்ற கடையின் பாய். அறுபது வயது இருக்கும். தம்பி பழகிப் பார்ப்பதற்குத் துருப்பிடித்த சில்லறை பாகங்கள் கேட்டான். என்ன வேலைக்கு என்று விசாரித்தவர், விஷயம் தெரிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். "ஒட்டுனா இரும்பு. பழகறவன் இரும்புலதான் பழகணும். ஒட்டலைன்னா அலுமினியம், ஜிங்க் வார்ப்பா இருக்கும். வார்ப்புக்குள்ள காத்து, எண்ணெய் எல்லாம் பொதிஞ்சு கிடக்கும் தம்பி. சூடானா வெளியே வந்து பவுடர்ல குமிழ் போடும்" என்றார். இன்ஜின் கவர் மாதிரி அலுமினிய வார்ப்புகளை வெறுமனே ஒருமுறை ஓவனில் சுட்டு, உள்ளே இருப்பதை வெளியேற்றிய பிறகுதான் பவுடர் அடிக்க வேண்டுமாம். அது இரண்டாம் வகுப்புப் பாடம்.

அடுத்து, எதை ஓவனுக்குள் வைக்கவே கூடாது என்று விரல்விட்டு எண்ணினார். ஷாக் அப்சார்பர் கூடாது. உள்ளே எண்ணெயும், சிலவற்றில் அழுத்தத்தில் கேஸும் இருக்கும். 200 டிகிரியில் வெடிக்கலாம். பெட்ரோல் டேங்க் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் ஆவி மிச்சமிருக்கும். டேங்கில் பட்டி பார்த்து ஒடுக்கு எடுத்திருந்தால் அந்தச் சூட்டில் பட்டியும் தாங்காது. பேரிங், ரப்பர் புஷ், ஆயில் சீல் எதுவும் கழற்றாமல் உள்ளே போகக் கூடாது. குரோம் பூசிய பாகத்தில் அப்படியே அடித்தால் பிடிமானம் இருக்காது. குரோமை எடுத்தாக வேண்டும்.

"அலாய் வீல்?" என்று தம்பி ஆசையாகக் கேட்டான்.

"அதுல உசுரு ஓடுது. அலாயைக் கண்டபடி சூடாக்குனா அதோட பலம் போயிடும். சூட்டை அளந்து வேலை பார்க்கிற பெரிய கடையிலதான் குடுக்கணும். வீட்டு அடுப்புல வைக்காதே" என்றார் பாய்.

நான் இன்ச் டேப்பை எடுத்தேன். பாழான ஓவனின் உள்ளளவை வீட்டிலேயே குறித்து வந்திருந்தேன். அகலம் 14 அங்குலம், ஆழம் 13, உயரம் 12. ஆனால் பாகம் கம்பியிலும் சுவரிலும் படாமல் சுற்றிலும் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஆக, பத்து அங்குலத்துக்கு மேல் நீளமான எதுவும் சுகமாக உள்ளே போகாது.

கடையில் இருந்த ஆர்எக்ஸ் பாகங்களை ஒவ்வொன்றாக அளந்தோம். ஹாரன் பிராக்கெட் போகும். ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் போகும். சைடு ஸ்டாண்டு மூலைவாட்டில் போகும். செயின் கவர்? போகாது. தம்பியின் முகம் சுருங்கியது. அவன் முதன்முதலில் பளபளப்பாக்க நினைத்ததே அந்தச் செயின் கவரைத்தான். 58,000 ரூபாய் செட் வந்திருந்தாலும் செயின் கவர் வெளியேதான் நின்றிருக்கும். அந்த செட்டில் ஓவனே கிடையாது!

பாரிமுனை: காற்றுக்கும் ஒரு கணக்கு

எடைக்கு வாங்கிய நாலைந்து துருப்பிடித்த பிராக்கெட்டுகள் பையில் குலுங்க, பஸ் பிடித்துப் பாரிமுனை வந்தோம். செம்புதாஸ் தெரு. இரும்புச் சாமான், குழாய், கருவி என்று அடுக்கிவைத்த கடைகள். தள்ளுவண்டியும் மீன்பாடி வண்டியும் ஆளைக் கேட்டு வழிவிடுவதில்லை. நாம்தான் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே எங்கள் தேவை கம்ப்ரஸர். கடையில் இருந்த இளைஞர் முதலில் காட்டியது, ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு ராட்சசன். "பின்னாடி தொழில் பெருசானா?" என்றார். பெரும்பாலான தப்பான முதலீடுகள் இந்த 'பின்னாடி'யில்தான் தொடங்குகின்றன என்று எனக்குத் தோன்றியது.

கணக்கு சுலபம். சின்ன கப் வைத்த பவுடர் கன்னுக்கு அழுத்தம் அதிகம் தேவையில்லை. பல கன்கள் 8 முதல் 15 பிஎஸ்ஐ-யிலேயே வேலை செய்யும். தூளை ஊதித்தள்ளாமல், மெல்ல மிதக்கவிட்டால் போதும். அதற்கு ஒன்று, ஒன்றரை குதிரைத்திறனில் சின்ன டேங்க் போதும். ஆனால் துருவையும் பழைய பெயின்டையும் எடுக்க மணலடிக்கும் பிளாஸ்டிங் வேலைக்குப் போனால் கதை மாறும். அது காற்றை மடமடவென்று குடிக்கும். சின்ன கம்ப்ரஸர் மூச்சுவாங்கி நின்றுவிடும். அந்த ஒரு வேலைக்காக மட்டுமே பெரிய கம்ப்ரஸர், பிளாஸ்டிங் பெட்டி, அதற்கு ஏற்ற மின் இணைப்பு என்று செலவு வால்போல நீளும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆற்றுமணலை வைத்து பிளாஸ்டிங் செய்யவே கூடாது. உடைந்து பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். பிளாஸ்டிங்கை வெளியே கொடுத்துவிடுவது என்று அங்கேயே முடிவெடுத்தோம். ராட்சசனுக்கு விடைகொடுத்தோம்.

காசு குறைந்த, ஆனால் கட்டாயம் வாங்க வேண்டிய பொருள் ஒன்றையும் அந்த இளைஞரே எடுத்துக் கொடுத்தார். காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி. "மெட்ராஸ் காத்துல தண்ணி இருக்கும் சிஸ்டர். இது இல்லைன்னா பவுடர் இட்லி மாவு ஆயிடும்." உண்மைதான். கடலோர ஊர்க்காரர்கள் பவுடரை வாங்கியதும் காற்றுப்புகாத டப்பாவில், வெயில் படாமல் வைக்க வேண்டும். கட்டிபிடித்த தூளை எந்த விலையுயர்ந்த கன்னாலும் சீராகத் தெளிக்க முடியாது.

பக்கத்திலேயே நைனியப்ப நாயக்கன் தெரு. ரசாயனக் கடைகளின் தெரு. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க டிகிரீசர், கடைசியாகத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்கினோம். துடைத்த பிறகு வெறும் கையால் தொடக் கூடாது. விரல் ரேகையின் எண்ணெய்கூட பவுடருக்கு அடியில் தழும்பாகத் தெரியும். அதனால் பொடி ஒட்டாத கையுறை ஒரு டப்பா. சூடு தாங்கும் பச்சை பாலியஸ்டர் டேப், திருகுத் துளைகளை அடைக்க சிலிகான் கார்க், நல்ல மாஸ்க், கண்ணாடி. திருகுத் துளைக்குள் பவுடர் வெந்துவிட்டால் போல்ட் உள்ளே போகாது, வேலை இரண்டாகிவிடும்.

மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டோம். தம்பி முதன்முறையாக அந்த விளம்பரத்தைப் பற்றிப் பேசவில்லை.

அம்பத்தூர்: மாஸ்டர் சொன்ன வரிசை

சென்ட்ரலில் மறுபடி லோக்கல். எங்கள் வில்லிவாக்கத்தைத் தாண்டி, கொரட்டூரைத் தாண்டி, பட்டரவாக்கத்தில் இறங்கினோம். இறங்கினால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960-களில் உருவான பேட்டை. லேத் பட்டறை, பிரஸ் ஷாப், அச்சகம், இப்போது நடுநடுவே கண்ணாடி போட்ட ஐ.டி கட்டடங்கள். என்னுடன் டிப்ளமா படித்த தோழியின் மாமா இங்கே ஒரு பவுடர் கோட்டிங் யூனிட்டில் முப்பது வருடமாக மாஸ்டர். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

கன்னைப் பார்க்கத் துடித்த தம்பியை அவர் நேராக அழைத்துப்போனது தொட்டிகளுக்கு. வரிசையாக ஏழு. இந்தத் தொழிலில் 'செவன் டேங்க்' என்பார்கள். எண்ணெய் எடுக்க ஒன்று, கழுவ ஒன்று, துரு எடுக்க அமிலம், மறுபடி கழுவல், உலோகத்தின் மேல்பரப்பைத் தயார்படுத்த ஒன்று, பாஸ்பேட், கடைசியாக பாஸிவேஷன். "கல்யாணத்துக்கு முன்னாடி நலங்கு வைக்கிற மாதிரி. பவுடர் தாலி கட்டுற நேரம்தான். அதுக்கு முன்னாடி நடக்கிறதுதான் கல்யாணமே" என்றார்.

ஒரு மூலையில் கழித்துப்போட்ட பாகங்கள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். மீன் கண் மாதிரி குழிகள்: எண்ணெய் மிச்சம். ஊசித்துளை: உள்ளேயிருந்து வந்த காற்று. ஆரஞ்சுத் தோல் மாதிரி சுருக்கம்: பவுடர் அதிகம். பளபளவென்று அழகாக இருந்த ஒரு பட்டையை எடுத்து, தின்னர் நனைத்த துணியால் பத்துமுறை அழுத்தித் தேய்த்தார். கறுப்பு துணியில் இறங்கியது. "பார்க்க லட்சணமா இருக்கு. வேகலை. ரெண்டு மாசத்துல உரியும்."

வேகாததற்குக் காரணம்தான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. பாக்கெட்டில் '200 டிகிரி, 10 நிமிடம்' என்று இருந்தால், அது ஓவனின் சூடு இல்லை, இரும்பின் சூடு. ஓவனில் வைத்த நொடியிலிருந்து எண்ணக் கூடாது. இரும்பு 200-ஐத் தொட்ட பிறகு பத்து நிமிடம். மெல்லிய தகடு சீக்கிரம் தொடும். கனமான ஸ்டாண்டு நேரமெடுக்கும். ஓவன் குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் தனி தெர்மாமீட்டர் வேண்டும். தூரத்திலிருந்து அளக்கும் இன்ஃப்ராரெட் கருவி நல்லது. ஆனால் அது பளபளக்கும் வெற்று உலோகத்தில் தப்பான எண் காட்டும். பவுடர் படிந்த பரப்பைக் குறிபார்த்து அளக்க வேண்டும்.

கடைசியில்தான் கன். தம்பியின் கையில் கொடுத்தார். ஒரு பிராக்கெட்டின் வெளிப்புறம் அழகாகப் படிந்தது. உள்மூலை மட்டும் இரும்பாகவே பல்லிளித்தது. தம்பி மேலும் மேலும் அடித்தான். ஓரத்தில் தடித்ததே தவிர, மூலைக்குள் ஒரு சிட்டிகைகூடப் போகவில்லை. மின்புலம் விளிம்புகளுக்கே ஓடும், குழிக்குள் நுழையாது. "வோல்டேஜைக் குறை, காத்தைக் குறை, மூலையை முதல்ல அடி, அப்புறம் வெளியே வா" என்று மாஸ்டர் கையைப் பிடித்துக் காட்டினார். அடுத்த துண்டில் மூலை நிறைந்தது.

"அப்ப எந்த கன் வாங்கலாம் சார்?" என்றேன், நோட்டுப் புத்தகத்தோடு.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். பழகுபவர்களுக்கு 100 கிலோவோல்ட் வரை போகும் பெரிய பெட்டி தேவையில்லை. சின்ன கப் உள்ள கன் போதும். கொஞ்சம் பவுடரிலேயே வேலை முடியும், நிறம் மாற்ற கப்பைக் கழுவினால் போதும். பவுடர் அளவைக் கூட்டிக் குறைக்க வசதி கட்டாயம் இருக்க வேண்டும். வோல்டேஜையும் குறைக்க முடிந்தால் மூலைகளுக்கு நல்லது. நாசிலும் மின்முனையும் தேய்ந்தால் நம் ஊரிலேயே மாற்றுப் பாகம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும். எர்த் வயரும் கிளிப்பும் கெட்டியாக இருக்க வேண்டும். தொங்கவிடும் கொக்கியில் பழைய பவுடர் படிந்திருந்தால் எர்த் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் கொக்கியைச் சுரண்ட வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிப் பாகத்துக்கு பாலியஸ்டர் பவுடர். எபாக்ஸி வெயிலில் வெளிறிப்போகும்.

"பவுடர் எவ்வளவு வாங்கட்டும்?" இது தம்பி.

"ஒரு கிலோ. கணக்குப்படி அதுல பத்து சதுர மீட்டருக்கு மேல அடிக்கலாம். பழகறவன் பாதியைத் தரைக்கு அடிப்பான். அப்பவும் உனக்கு மாசக்கணக்குல வரும்."

கிளம்பும்போது தம்பியின் தோளைத் தட்டி ஒரு வரிசை சொன்னார். "முதல்ல சுத்தம். ரெண்டாவது அடுப்பு. மூணாவது எர்த்து. கன் நாலாவது. நீ நாலாவதைத்தான் முதல்ல வாங்க வந்தே."

மொட்டை மாடியும் வடாமும்

இரவு வீட்டுக்கு வந்து இன்ச் டேப்போடு மாடி ஏறினோம். மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் எங்கே எதை வைப்பது என்பதுதான் கடைசிக் கேள்வி. அதிமுக்கியக் கேள்வியும்கூட.

காற்றில் மிதக்கும் பவுடர் தீப்பிடிக்கும். அடைத்த இடத்தில் அடர்த்தியாகிவிட்டால் ஒரு பொறி போதும், வெடிக்கும். எனவே தெளிக்கும் இடமும் சுடும் இடமும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். கேஸ் அடுப்பை இந்த வேலைக்கு நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. அருகில் பூஜை விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் ஆகாது. தெளித்து முடித்து, தூசு அடங்கி, தரையைத் துடைத்த பிறகே ஓவன் சுவிட்ச். வெந்துகொண்டிருக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அந்த ஆவியை முகர்ந்துகொண்டு பக்கத்தில் நிற்கக் கூடாது.

திறந்த மாடியில் தெளித்தால் என்ன? காற்று தூக்கிக்கொண்டு போய், பக்கத்து வீட்டு ஆன்ட்டி காயவைத்த வடாமில் கறுப்பு மிளகு தூவிவிடும். அதனால் அறைக்குள்ளேயே மூன்று பக்கம் அடைத்து, பின்னால் ஃபில்டர் வைத்த ஒரு பெட்டி.

அடுத்தது கரன்ட். 2,000 வாட் ஓவன் மட்டுமே சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதன் பங்குக்கு ஒரு இழுப்பு. செல்போன் சார்ஜ் போடும் பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து இரண்டையும் ஓட்டினால் வயர்தான் முதலில் வேகும். எலெக்ட்ரீஷியனை அழைத்து 16 ஆம்பியர் பாயின்ட், தனி வயர், சரியான எர்த் போட்டோம். இன்னொன்று: வீட்டு மின் இணைப்பு நம் சொந்த வண்டிக்குப் பழகத்தான். காசு வாங்கி வேலை செய்யும் நாள் வந்தால் அதற்குரிய இணைப்பும் அனுமதியும் எடுத்துக்கொள்ள வேண்டும். தம்பி இதையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

60,000 எங்கே போனது?

முதல் செலவு எது தெரியுமா? கன் இல்லை, கம்ப்ரஸர் இல்லை. அம்மாவுக்குப் புது ஓவன். யோசித்துப் பார்த்தால் வேறு வழியே இல்லை. பவுடர் வெந்த பழைய ஓவன் இனி சமையலறைக்கு ஆகாது. அதே நேரம், பழகுபவனுக்கு அதைவிடப் பொருத்தமான அடுப்பும் கிடையாது. ஆக, தம்பியின் பட்டறைக்கு முதல் கருவி ஏற்கெனவே வந்துவிட்டது. அதற்கான விலையை அம்மாவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

பிறகு சின்ன கம்ப்ரஸர், ஈர வடிகட்டி, மாடியில் வயரிங், தெர்மாமீட்டர், மாஸ்க் வகையறா. எல்லாம் முடிந்த பிறகு, மூன்றாவது வாரம்தான் கப் கன் வாங்கினோம். புது ஓவனையும் சேர்த்து மொத்தம் 44,000 சொச்சம். மிச்சமிருந்த பணத்தில் ஃபிரேம், ரிம், செயின் கவர் மூன்றும் அம்பத்தூருக்குப் போயின. வீட்டு அடுப்பில் நுழையாததை மாஸ்டரிடம் கொடுப்பது தோல்வி இல்லை என்று தம்பிக்கு இப்போது புரிந்திருக்கிறது. அந்த 58,000 ரூபாய் செட் வாங்கியிருந்தால், கையில் கன்னும் ஐந்து கிலோ பவுடரும் இருந்திருக்கும். காற்று இருக்காது, அடுப்பு இருக்காது, அம்மாவின் சீட்டுப் பணமும் இருந்திருக்காது.

முதல் துண்டு கோணல்மாணல். இரண்டாவதில் குமிழ். புதுப்பேட்டை பிராக்கெட்டுகளில் நான்காவதுதான் தின்னர் துணியில் கறுப்பு இறக்காமல் நின்றது. அதற்குப் பிறகே அப்பாவின் வண்டி பாகத்தைத் தொட்டான் தம்பி. அவன் எடுத்தது, எல்லாக் கலவரத்துக்கும் காரணமான அதே ஹாரன் பிராக்கெட். பழைய பூச்சை முழுவதும் எடுத்து, துடைத்து, அடித்து, சுட்டான். அது ஆறுவதற்குள் அப்பா மூன்றுமுறை மாடி ஏறி இறங்கிவிட்டார். கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "ஷோரூம்ல எடுத்தப்பகூட இப்படி இல்லடா" என்றார். தம்பிக்கு அது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா புது ஓவனில் கேக் செய்தார். மாடியில் இருக்கும் பழைய ஓவனின் கதவில் அவரே ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார்: 'இது சமையலுக்கு அல்ல.' கீழே சின்னதாக இன்னொரு வரி: 'கீழே இருப்பது பைக்குக்கு அல்ல.'

இன்ச் டேப்பை மட்டும் தம்பி இன்னும் திருப்பித் தரவில்லை.